நறும்புகையும் தராசும்: வாசனைப் புகையிலை வரலாற்றில் சுவையும் தீர்ப்பும்

ஒரு பொருளின் தரத்தை நிர்ணயிப்பது நாவும் நாசியுமா, அல்லது அப்பொருள் உடலில் விளைவிக்கும் பயனும் கேடுமா என்ற வினா மிகப் பழமையானது. உணவுக்கும் மருந்துக்கும் இவ்வினாவை மனிதன் எளிதாகவே தீர்த்துக்கொண்டான். ஆனால் புகையிலை விடயத்தில் முஸ்லிம் உலகம் இதற்கு விடை காண ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டுகள் எடுத்துக்கொண்டது. அரசர்கள் தடை விதித்தனர்; மருத்துவர்கள் தயங்கினர்; உலமாக்கள் நூல்கள் எழுதி ஒருவரையொருவர் மறுத்தனர். அதே காலத்தில் அந்த இலையை வெல்லத்தோடும் ஏலம், கிராம்பு, சந்தனத்தோடும் பிசைந்து, அதன் மணத்தைச் சீர்தூக்கும் ஒரு நுட்பமான கலையும் முஸ்லிம் அவைகளிலேயே வளர்ந்தது. இவ்விரு வரலாறுகளையும் ஒருங்கே வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மண்டி நகரும் தீப்பெட்டி நகரும்

இவ்வாய்வுக்கு விருதுநகர் – சிவகாசிப் பகுதியை நாம் நிலைக்களமாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. விருதுப்பட்டி என வழங்கி 1923ஆம் ஆண்டில் விருதுநகர் எனப் பெயர் பெற்ற இவ்வூர், மானாவாரிக் கரிசல் நிலத்தின் நடுவே வணிகத்தால் மட்டுமே உயர்ந்த நகரமாகும். பருத்தி, மிளகாய் வற்றல், மல்லி, பருப்பு, எண்ணெய், ஏலம், காப்பி ஆகியன இங்குள்ள மண்டிகளில் குவிந்தன. விருதுநகர்ச் சந்தை நிலவரம் நாளிதழ்களில் தனியாக அச்சிடப்படும் அளவுக்கு இதன் விலைகள் தென்தமிழகத்திற்கு அளவுகோலாயின. மாதிரிச் சரக்கை உள்ளங்கையில் கொட்டி, நிறம் பார்த்து, கசக்கி முகர்ந்து, ஒரு துணுக்கை நாவில் வைத்து விலை சொல்லும் கண்ணும் கையும் இம்மண்டி வணிகர்களின் மூலதனமாகும்.

அருகிலுள்ள சிவகாசி, தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் பெயர் பெறுவதற்கு முன்னரே வணிக ஊராக விளங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பருத்தியும் வெல்லமும் புகையிலையுமே அதன் முதன்மைச் சரக்குகள். புகையிலை, வெல்லம், ஏலம் என்னும் இம்மூன்றும் வட இந்திய முஸ்லிம் அவைகளில் மணம் பரப்பிய 'கமீரா' என்னும் வாசனைப் புகையிலையின் அடிப்படைக் கூறுகளாகும் என்பது கவனத்திற்குரியது. எனினும் தென்தமிழகத்தில் கமீரா மரபு வேரூன்றவில்லை. இங்கு இலை பெரும்பாலும் வெற்றிலையோடு மெல்லப்பட்டது. சுருட்டாகவும் மூக்குப்பொடியாகவும் பயன்பட்டது. மெல்லும் புகையிலைக்கு வெல்ல நீர் தெளித்துப் பதப்படுத்தும் வழக்கம் மட்டுமே அந்த மரபின் தூரத்து உறவாகும். 'உக்கா', 'குடாக்கு' ஆகிய சொற்கள் தமிழில் புகுந்து அகராதிகளிலும் இடம்பெற்றன. திண்டுக்கல் இலையைக் கொண்டு உறையூரில் சுற்றப்பட்ட திருச்சிராப்பள்ளிச் சுருட்டு இலண்டன் வரை சென்றது. 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் புதினத்தில், அத்துப்பறிவாளர் சாம்பலைக் கண்டே அச்சுருட்டை இனங்காண்கிறார். 'செரூட்' என்னும் ஆங்கிலச் சொல்லே நமது 'சுருட்டு' என்பதன் திரிபாகும்.

தமிழிலக்கியமும் இவ்விலையை ஏற்றுக்கொள்ளத் தயங்கவில்லை. சீனிச்சர்க்கரைப் புலவர் இயற்றி, உ.வே. சாமிநாதையர் பதிப்பித்த 'புகையிலை விடு தூது' என்னும் சிற்றிலக்கியமே இதற்குச் சான்று. புகையிலை என்ற பெயருக்கு அந்நூல் ஒரு கற்பனைக் கதையைக் காரணமாக்கி, 'போகையிலை' எனச் சொல் விளையாடுகிறது. புதிதாக வந்த பொருளுக்குப் பழமையான பிறப்பைக் கற்பிக்கும் முயற்சி இது. ஒரு பொருளைப் பண்பாடு தன்வயமாக்கும்போது முதலில் செய்வது இதுவே.

அக்பர் அவையில் ஒரு சோதனை

இந்திய முஸ்லிம் வரலாற்றில் புகையிலையின் முதல் 'சுவை மதிப்பீடு' என்று கூறத்தக்க நிகழ்ச்சி, அக்பரின் ஆட்சி முடிவுறும் தறுவாயில், 1604ஆம் ஆண்டையொட்டி நிகழ்ந்தது. பீஜப்பூருக்குத் தூது சென்று திரும்பிய அசத் பேக் கஸ்வீனி அதனைத் தம் குறிப்புகளில் விரிவாகப் பதிவு செய்துள்ளார். போர்த்துக்கீசியர் வழியே மேற்குக் கரைக்கு வந்த புகையிலையை அவர் பீஜப்பூரில்தான் முதன்முறையாகக் கண்டார். அதனைப் பேரரசருக்குக் காணிக்கையாக்க விரும்பி, அழகியதொரு புகைக்குழாயைச் செய்வித்தார். அதன் தண்டு சுமத்திராவின் அச்சேயிலிருந்து வந்தது. இருமுனைகளிலும் மணியும் மீனாவேலையும் பதிக்கப்பட்டிருந்தன. வாயில் வைக்கும் பகுதி யமன் நாட்டுச் செம்மணிக் கல். நெருப்பு வைக்கப் பொற்கிண்ணம். அமெரிக்க இலையும், அச்சேத் தண்டும், யமன் கல்லும், தக்காணப் பொற்பணியும் ஒரே கருவியில் இணைந்திருந்தமை, அக்கால இந்தியப் பெருங்கடல் வணிகத்தின் சுருக்கப் படமே எனலாம்.

அக்பர் இது யாதென வினவினார். மக்காவிலும் மதீனாவிலும் நன்கறியப்பட்ட பொருள் இது என்று கானே அஃழம் விடையளித்தார். பேரரசர் இரண்டு மூன்று முறை புகையை இழுத்தார். அதற்குள் மருத்துவர் கலங்கி, மேலும் தொடர அனுமதிக்கவில்லை. மருந்து வணிகர் ஒருவர் அழைக்கப்பட்டார். இது நம் நூல்களில் இல்லாத புதுமை என்றாலும் ஐரோப்பிய மருத்துவர்கள் புகழ்ந்துள்ளனர் என்றார் அவர். சோதிக்கப்படாத மருந்தை, நம் அறிஞர் எழுதி வைக்காத ஒன்றை, மன்னருக்கு எங்ஙனம் பரிந்துரைப்பது என்பது அரசவை மருத்துவரின் வாதம். உலகில் உள்ள ஒவ்வொரு வழக்கமும் ஒரு காலத்தில் புதியதாகவே இருந்தது என்பது அசத் பேக்கின் மறுமொழி. பேரரசர் அம்மறுமொழியைப் பாராட்டினார். ஆனால் அதன்பின் அவர் புகைக்கவில்லை. அவையோரோ அதனை விடவில்லை. வணிகர்கள் விற்கத் தொடங்கினர். வழக்கம் விரைவாகப் பரவியது.

இந்த உரையாடலை ஊன்றி நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். மருத்துவரும் அசத் பேக்கும் கூறிய இரண்டும் தம்மளவில் சரியான கொள்கைகளே. சோதனையின்றி ஏற்காதே என்பது ஒன்று. புதுமை என்பதற்காகவே தள்ளாதே என்பது மற்றொன்று. ஆனால் அவையில் வென்றது இரண்டும் அன்று. பொன்னும் மணியும் பதித்த குழாயின் கவர்ச்சியே வென்றது. 1617இல் ஜஹாங்கீர் புகையிலையைத் தடை செய்ததைத் தம் வரலாற்றில் தாமே எழுதுகிறார். ஈரானில் ஷா அப்பாஸும் தடை விதித்திருந்ததை அங்குக் குறிப்பிடும் அவர், அந்நாட்டுக்குச் சென்ற தம் தூதர் கான் ஆலம் புகையிலைக்கு அடிமையாகியிருந்தமையால் அவருக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்ட செய்தியையும் மறைக்கவில்லை.

கமீரா: மணத்தை நிறுத்தும் கலை

தடைகள் தோற்ற இடத்தில் கலை வளர்ந்தது. உக்காவுக்குரிய புகையிலை வெறும் இலையன்று. இலையை இடித்துத் தூளாக்கி, வெல்லப்பாகு அல்லது கரும்புச் சாற்று எச்சத்தோடு பிசைந்து, பானையில் இட்டுப் புளிக்க வைப்பர். 'கமீரா' என்னும் சொல்லே நொதித்தலைக் குறிக்கும் அரபு மூலத்திலிருந்து வந்ததாகும். இதனோடு ஏலம், கிராம்பு, சந்தனம், சடாமாஞ்சில் ஆகியனவும், பலா, இலந்தை, அன்னாசி போன்ற கனிகளும் சேரும். செல்வர் இல்லங்களில் தாழம்பூ நீரும் கஸ்தூரியும் கலந்தனர். உக்காவின் அடிக்குடுவையில் தண்ணீருக்குப் பதில் பன்னீர் ஊற்றுவதும் உண்டு. இலக்னோவும் இராம்பூரும் வங்காளத்து விஷ்ணுபூரும் இத்தகைய கலவைகளுக்குப் பெயர் பெற்றன.

இதன் தரத்தை அறிவதற்கு ஒழுங்கானதொரு முறை இருந்தது. முதலில் கண்: கலவை கருமையாய், மினுமினுப்பாய், உருட்டினால் உருண்டையாய் நிற்க வேண்டும். அடுத்து விரல்: ஒட்டினால் பாகு மிகுதி, உதிர்ந்தால் வறட்சி. பின்னர் நாசி: நெருப்பு படுமுன் வெல்லத்தின் புளிப்பு மணமும் நறுமணப் பொருளும் ஒன்றையொன்று மேவாதிருக்க வேண்டும். இறுதியில் சிலும்பியில் இட்டு, மேலே கரித்தணல் வைத்து இழுக்கும்போது இலையின் காரம் தொண்டையைக் குத்தாமலும், நறுமணம் இலையை முற்றாக மறைத்துவிடாமலும் இருக்க வேண்டும். புகை அடங்கிய பின்னரும் அறையில் தங்கும் வாசனை எது என்பதே இறுதி அளவுகோல். பிற்கால ஐரோப்பியர் தம் குழாய்ப் புகையிலைக் கலவைகளைச் சீர்தூக்குவதிலும் இதே படிமுறையைக் காணலாம். அவர்கள் போற்றிய 'லதாக்கியா' என்னும் இலை, சிரியாவின் துறைமுக நகரொன்றின் பெயரைத் தாங்கியதே.

மண்டியில் மிளகாயை மதிப்பிடும் வணிகனுக்கும் கமீராவை மதிப்பிடும் சுவைஞனுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. வணிகன் சரக்கிலுள்ள குற்றத்தைத் தேடுகிறான். ஈரம், கலப்படம், பூச்சி ஆகியவற்றை வெளிக்கொணர்வதே அவன் மதிப்பீடு. சுவைஞனின் மதிப்பீடோ, இலையின் இயல்பான கசப்பும் நெடியும் எவ்வளவு திறமையாக மறைக்கப்பட்டுள்ளன என்பதையே அளக்கிறது. முன்னது திரையை விலக்குகிறது; பின்னது திரையின் நெசவைப் பாராட்டுகிறது.

இதனைக் கேலி செய்யும் கதையொன்று ஈரானியப் பயண இலக்கியத்தின் வழி நமக்கு வந்துள்ளது. ஷா அப்பாஸ் தம் அவையோரின் குழாய்களில் உலர்ந்த குதிரை இலத்தியை இடச் செய்து, ஹமதான் அமைச்சர் அனுப்பிய உயர்ந்த புகையிலை இது எனக் கூறி, அதன் தரத்தை வினவினாராம். அனைவரும் அதன் மணத்தை வானளாவப் புகழ்ந்தனராம். சாணத்திலிருந்து பிரித்தறிய இயலாத பொருள் சபிக்கப்படுவதாக என்று மன்னர் கூறியதாகக் கதை முடிகிறது. இது நிகழ்ந்ததோ இல்லையோ, சுவை மதிப்பீடு அதிகாரத்தின் முன் எவ்வளவு எளிதில் வளையும் என்பதை உணர்த்தும் கதை என்பதில் ஐயமில்லை.

உலமாக்களின் தராசு

புகையிலை பற்றி நேரடி ஆதாரம் குர்ஆனிலோ ஹதீஸிலோ இருத்தல் இயலாது. அது அமெரிக்காவிலிருந்து வந்த பொருள். எனவே இப்பிரச்சினை முற்றிலும் இஜ்திஹாதுக்கு உரியதாயிற்று. அரபு நூல்கள் இதனைப் 'புகை அருந்துதல்' என்றே குறிப்பிட்டன. நம் நாட்டிலும் பீடி குடித்தல், சுருட்டுக் குடித்தல் என்றே மக்கள் கூறுவர். இச்சொல்வழக்கே 'இது மதுவைப் போன்றதா?' என்னும் முதல் ஐயத்தை எழுப்பியது போலும்.

எகிப்தில் மாலிக்கி மத்ஹபைச் சேர்ந்த இரு பேரறிஞர்கள் எதிரெதிர் நிலை எடுத்தனர். இப்ராஹீம் அல்லகானீ (மரணம் 1631) புகையிலையைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தும் நூலை எழுதினார். அலீ அல்அஜ்ஹூரீ (மரணம் 1656) அறிவை மறைக்காத புகை ஆகுமானதே என நிறுவ முயன்றார். ஷாபிஈ அறிஞர்களுள் அல்கல்யூபீ (மரணம் 1659), அது உடலின் வாயில்களை நோய்களுக்குத் திறந்துவிடுகிறது எனக் கூறி ஹராம் என்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் அல்பாஜூரீயோ மக்ரூஹ் என்ற அளவில் நின்றார். தமிழகக் கடற்கரை முஸ்லிம்கள் ஷாபிஈ மரபைச் சார்ந்தோர் ஆதலின், இவ்விரு கருத்துகளும் நம் மதரஸாக்களுக்கு அந்நியமானவை அல்ல.

உஸ்மானியப் பேரரசில் விவாதம் குருதி சிந்தும் அளவுக்குச் சென்றது. 1633இல் இஸ்தான்பூலின் பெரும்பகுதி தீக்கிரையானது. அதையடுத்து நான்காம் முராத் காப்பிக் கடைகளை மூடி, புகையிலையைத் தடை செய்து, மீறியோருக்கு மரண தண்டனையும் விதித்தார். இக்காலத்தை நேரில் கண்ட பேரறிஞர் காதிப் செலபி, 1656இல் எழுதிய 'மீஸானுல் ஹக்' – சத்தியத் தராசு – என்னும் நூலில் அதன் விளைவைப் பதிவு செய்கிறார். தண்டனை நிறைவேற்றப்பட்ட வேளையிலேயே சிப்பாய்கள் சட்டைக் கைகளில் குறுங்குழாய்களை மறைத்துப் புகைத்தனர் என்கிறார் அவர். ஊறிப்போன வழக்கத்தை வாளால் அறுக்க இயலாது. அரசு அவ்வணிகத்தை ஒழுங்குபடுத்தி வரி கொள்வதே ஏற்றது என்பது அவரது முடிபு. 1652இல் ஷைகுல் இஸ்லாம் பஹாயீ எஃபந்தி ஆகுமானது என ஃபத்வா அளித்திருந்தார். 1682இல் திமிஷ்கின் அப்துல் கனீ அந்நாபுலுஸீ, ஷரீஅத்தின் ஆதாரமின்றி ஒரு மன்னரின் விருப்பு வெறுப்பால் மட்டும் எதுவும் ஹராமாகிவிடாது என வாதிட்டு முழுநூல் ஒன்றை எழுதினார்.

இவ்வறிஞர்கள் அனைவரும் ஒரே தராசையே பயன்படுத்தினர் என்பதை நாம் மறத்தல் கூடாது. பொருள்களின் அடிப்படை ஆகுமான தன்மையே என்பது ஒரு தட்டு. கேடு செய்தலும் கேட்டுக்குக் கேடு செய்தலும் கூடாது என்னும் நபிமொழிக் கொள்கையும், அசுத்தமானவற்றை விலக்கும் குர்ஆனியப் பண்பும் மற்றொரு தட்டு. தராசில் குறையில்லை, அதில் இடவேண்டிய எடைக்கல்லே அன்று கிட்டவில்லை. கேட்டின் அளவை அறியும் மருத்துவ அறிவு பதினேழாம் நூற்றாண்டில் இல்லை. 1950இல் டாலும் ஹில்லும் வெளியிட்ட ஆய்வும், 1964இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் வெளியிட்ட அறிக்கையும் அந்த எடைக்கல்லை வழங்கின. அதன்பின் உலமாக்களின் பெரும்பான்மைக் கருத்து தெளிவாக ஹராம் என்ற பக்கம் சாய்ந்தது. இது மார்க்கம் மாறியதன்று. அறிவு வளர்ந்ததன் விளைவு.

தீக்குச்சி செய்த மாற்றம்

இனி விருதுநகர்ப் பகுதிக்குத் திரும்புவோம். கமீராவின் காலம் ஏன் முடிந்தது? மன்னர்களின் தடையாலன்று, ஃபத்வாவாலும் அன்று. உக்காவுக்குக் கரித்தணல் வேண்டும். அதனை மூட்டிப் பேண ஏவலாள் வேண்டும். அமர்ந்து இழுக்க ஓய்வும் கூட்டமும் வேண்டும். தீக்குச்சி இவை அனைத்தையும் வேண்டாதனவாக்கிற்று. சட்டைப் பையில் நெருப்பைக் கொண்டு செல்ல முடிந்ததும், புகைத்தல் அவையிலிருந்து வீதிக்கு வந்தது. பன்னீர்க் குடுவையின் இடத்தைப் பீடியும் சிகரெட்டும் பிடித்தன.

ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் இறக்குமதியான தீப்பெட்டியை இம்மண்ணிலேயே செய்ய முனைந்தோர் சிவகாசியின் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் ஆவர். 1922இல் கல்கத்தா சென்று தொழில் பயின்று, 1923இல் சிவகாசியில் தொடங்கினர். மழை குறைந்த வறண்ட காற்றும், வேளாண்மைக்கு வழியற்ற உழைப்பாளரும் அத்தொழிலுக்கு உதவின. தீப்பெட்டி முத்திரைகளை அச்சிட வந்த அச்சகங்கள் நாட்காட்டிகளால் நாடெங்கும் புகழ் பெற்றன. 1940களில் பட்டாசுத் தொழில் வளர்ந்தது. திருநெல்வேலியின் மேலப்பாளையத்தில் தறிகள் ஓய்ந்த முஸ்லிம் இல்லங்களில் பெண்கள் பீடி சுற்றத் தொடங்கினர். ஒருபுறம் குச்சியும் மறுபுறம் பீடியும்: தென்தமிழகத்தின் இரு ஏழ்மைகள் ஒன்றுக்கொன்று தீ மூட்டின எனலாம். இத்தூசியைச் சுவாசித்த பெண்களின் நுரையீரல், எந்தச் சுவை மதிப்பீட்டிலும் இடம்பெறவில்லை.

இதிலொரு முரண் உண்டு. நாட்டின் பட்டாசுகளில் பெரும்பகுதியைச் செய்யும் இப்பகுதியில், தொழிற்சாலை வாயிலுக்குள் தீப்பெட்டியும் பீடியும் கொண்டு செல்லல் வெடிபொருள் விதிகளின்படி குற்றமாகும். 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டி விபத்தில் சுமார் 40 பேர் மாண்டதை இப்பகுதி மறக்கவில்லை. ஒரு பொறியின் கேடு கண்முன் நிகழ்வதால் இங்கு யாரும் அதன் வாசனையைப் பற்றிப் பேசுவதில்லை, விதியை மதிக்கின்றனர். புகையிலையின் கேடோ இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து வருவதால், அதன் வாசனையைப் பற்றிப் பேசுவதற்கு நமக்கு நேரம் கிடைத்துவிடுகிறது.

மீண்டும் வரும் வாசனை

நறுமணப் புகை முற்றாக மறைந்துவிடவில்லை. 1990களில் தேனும் பழச்சாறும் கலந்த 'முஅஸ்ஸல்' அரபு நாடுகளிலிருந்து உலகெங்கும் பரவியது. நம் நகரங்களிலும் உக்கா விடுதிகள் தோன்றின. தண்ணீர் நஞ்சை வடிகட்டிவிடுகிறது என்னும் பழைய நம்பிக்கையும் உடன் வந்தது. ஒரு மணி நேர உக்கா அமர்வில் உட்செல்லும் புகையின் கன அளவு, ஒரு சிகரெட்டினதைப் போல் நூறு முதல் இருநூறு மடங்கு வரை ஆகலாம் என உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக்குழு 2005இல் சுட்டிக்காட்டியது. 2022இல் தமிழகச் சட்டமன்றம் உக்கா விடுதிகளைத் தடை செய்யும் திருத்த மசோதாவை நிறைவேற்றியது. ஏலமும் கிராம்பும் பன்னீரும் மணக்கும் மெல்லும் புகையிலைப் பொட்டலங்களோ கடைவீதிகளில் வேறு வேறு பெயர்களில் தலைகாட்டிய வண்ணமே உள்ளன. 2016-17 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஏறத்தாழ 26 கோடியே 70 இலட்சம் வயது வந்தோர் ஏதேனும் ஒரு வகையில் புகையிலையைப் பயன்படுத்தினர். உலகில் ஆண்டுதோறும் 70 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதனால் மடிகின்றனர்.

இஸ்லாம் நறுமணத்தை வெறுக்கும் மார்க்கமன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நறுமணத்தை விரும்பினார்கள். வெள்ளிக்கிழமைக்கு அது ஸுன்னத்தாகும். அத்தரும் சந்தனமும் பன்னீரும் நம் இல்லங்களின் அடையாளங்கள். அதே மார்க்கம் பச்சை வெங்காயமும் பூண்டும் உண்டு பள்ளிவாசலுக்கு வந்து பிறரை வருத்துவதைத் தடுத்தது. நறுமணத்தின் பண்பு அருகிலிருப்போருக்கு இதம் அளித்தல் என்பதே இவ்விரு போதனைகளின் பொதுப்பொருள். கேட்டை மறைப்பதற்காகச் சேர்க்கப்படும் ஏலமும் சந்தனமும் இப்பண்பைத் தலைகீழாக்குகின்றன. பொருள் நல்லதாயின் அதற்கு அத்துணைத் திரைகள் தேவைப்பட்டிருக்க மாட்டா.

கமீராவைப் படைத்தோரின் நுண்மதியை வரலாற்று மாணவர் வியக்கலாம்; அதில் தவறில்லை. நாநூறு ஆண்டுகளுக்கு முன் பொற்குழாயை இருமுறை இழுத்த பேரரசரைத் தடுத்த மருத்துவரிடம் சான்று இல்லை. தயக்கம் மட்டுமே இருந்தது. இன்று நம்மிடம் சான்று இருக்கிறது, தயக்கம்தான் குறைந்துவிட்டது. நம் ஜமாஅத்துகளும் மதரஸாக்களும் இளைஞரிடம் இதனைப் பேசும்போது, வெறும் தடையை மட்டும் கூறாது, இத்தராசின் வரலாற்றையும் எடுத்துரைப்பது பயன் தரும். மிளகாய் வற்றலைக் கையில் ஏந்தி, மேல்மணத்தில் மயங்காமல் உள்ளிருக்கும் பூச்சியைத் தேடும் விருதுநகர் வணிகனின் மதிப்பீடே இவ்விடயத்தில் நமக்கு ஏற்றதாகும்.